ஜெர்மன் கடிகாரத்துக்கு நான் சொன்ன நேரம்

நடந்தவை, வரிசையாக:

1. ஆகஸ்ட் மாதம் ஜெர்மனியிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது.
2. உள்ளே ஒரு சுவர்க் கடிகாரமும் ஒன்றரைப் பக்கக் கடிதமும் இருந்தன.
3. கடிகாரத்தில் பேட்டரி போட்டோம். முட்கள் விறுவிறுவென்று சுற்றிப் பன்னிரண்டில் போய் நின்றன. பிறகு நகரவில்லை.
4. கடிதத்தை அம்மாவுக்கு மூன்று முறை படித்து அர்த்தம் சொன்னேன்.
5. அம்மா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.
6. மறுநாள் அப்பா கடிகாரத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போனார்.
7. டிசம்பருக்குள் இதை ஓட வைக்கிறேன் என்று நான் அம்மாவிடம் சொன்னேன்.

ஐந்தாவதிலிருந்து சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதை ஒட்டித்தான் வரும்.

கடிதம் எழுதியவர் ஒரு ஜெர்மன் பெண்மணி. அறுபது வயதிருக்கும். அவர்கள் ஊரில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், ரமணாசிரமத்துப் பக்கம் எங்கள் வீடு. மாடியில் ஒரு அறையும் முன்னால் சின்ன வராந்தாவும் உண்டு. மூன்று வருடமாக டிசம்பரில் வந்து மார்ச் வரை அந்த அறையில்தான் தங்கினார். நான் அவரை ஆன்ட்டி என்பேன். அம்மா அவரை மாடியம்மா என்பாள். அவர் அம்மாவை அம்மா என்பார், அம்மா அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள் என்றாலும்.

தினமும் நாலு மணிக்கு மாடியம்மா இறங்கி வந்து சமையலறைத் தரையில் உட்காருவார். நடுவில் முறத்தில் வேர்க்கடலை. இரண்டு பேரும் உரிப்பார்கள். அம்மா தமிழில் பேசுவாள், அவர் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் பேசுவார். எனக்கு எப்போது கல்யாணம் செய்வது என்பதிலிருந்து சித்தியோடு வந்த சண்டைவரை, தெருவில் யாரிடமும் சொல்லாததை எல்லாம் அம்மா அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. ஆனால் சரியான இடத்தில் "அய்யோ" சொல்வார்.

இனி எங்கள் வீட்டு வழக்கம். ஹாலில் இருந்த பழைய கடிகாரத்தை எப்போதும் பத்து நிமிடம் கூட்டித்தான் வைத்திருப்போம். இந்த ஊரில் பாதி வீடுகளில் அப்படித்தான். பஸ்ஸைத் தவறவிடக் கூடாது, ராகு காலம் தொடங்குவதற்குள் வெளியே கால் வைத்துவிட வேண்டும் என்பதற்காக. கூட்டி வைத்திருப்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் எல்லோரும் மனதுக்குள் பத்தைக் கழித்துவிடுவோம். ஆக, யாருக்கும் ஒரு நிமிடம்கூட லாபமில்லை. ஆனாலும் சரியாக வைத்த கடிகாரத்தைப் பார்த்தால் அம்மாவுக்குப் படபடப்பு வந்துவிடும்.

முதல் வருடம் மாடியம்மா இந்தக் கடிகாரத்தை நம்பி எல்லா இடத்துக்கும் பத்து நிமிடம் முன்னால் போய் நின்றார். பிறகு விஷயம் புரிந்து அவரும் பத்தைக் கழிக்கப் பழகினார். மூன்றாவது வருடம் அவர் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், கடிகாரம் நின்றுபோய் அப்பா பேட்டரி மாற்றினார். ரேடியோ செய்தியை வைத்துச் சரியாக வைத்தார், பத்தைக் கூட்ட மறந்துவிட்டார். மூன்று பேரும் கவனித்தோம். கழிப்பதை நிறுத்தினோம். மாடியம்மாவிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் சேரச் சேர எங்கள் பக்கம் வண்டிகளை விடமாட்டார்கள். டாக்ஸிக்காரரைத் தெருமுனைக்கு இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தது. அவர் ஒழுங்காக வந்தார். மாடியம்மா ஹால் கடிகாரத்தைப் பார்த்து, பத்தைக் கழித்து, நிதானமாக வெந்நீர் குடித்துவிட்டு இறங்கி வந்தபோது, போலீஸ் டாக்ஸியை விரட்டித் தடுப்பை இழுத்துப் போட்டிருந்தது. பெட்டியை அப்பா தலையில் தூக்கிக்கொள்ள, எதிரே வந்த கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஊர் எல்லைவரை நடந்தார்கள். விமானத்தைப் பிடித்துவிட்டார், அதில் குறையில்லை. ஆனால் வாசலில் அம்மாவைப் பார்த்து "போய்ட்டு வரேன்" சொல்லவில்லை. அவர் சரியாகச் சொல்லத் தெரிந்து வைத்திருந்த ஒரே முழு வாக்கியம் அதுதான்.

அவர் போன பிறகு ஹால் கடிகாரத்தில் அம்மா பழையபடி பத்தைக் கூட்டிவிட்டாள். ஐந்து மாதம் கழித்துத்தான் இந்தப் பார்சல். கடிதத்தில் இருந்தது இது: இந்தக் கடிகாரத்துக்கு யாரும் நேரம் வைக்க வேண்டியதில்லை. ரேடியோ அலையைப் பிடித்துத் தானே வைத்துக்கொள்ளும். யாரும் மாற்ற முடியாது. டிசம்பரில் வருகிறேன். முதல் இரண்டு வாரம் உங்கள் வீட்டில். அதற்குப் பிறகு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

"யாரும் மாத்த முடியாதாம்," என்றாள் அம்மா. "யாரைச் சொல்றாங்க? நம்மளத்தான்."

"பரிசுதானே அனுப்பியிருக்காங்க?"

"பரிசா? நம்ம வீட்டுக் கெடியாரம் பொய் சொல்லுதுன்னு தபால்ல போட்டு அனுப்பியிருக்காங்க."

அன்றுதான் அவள் சாப்பிடவில்லை. வேறு யாராவது வாடகைக்கு வருவார்கள், அந்தக் கவலை யாருக்கும் இல்லை. முறத்துக்கு அந்தப் பக்கம் உட்கார அம்மாவுக்கு வேறு ஆள் இல்லை.

அப்படிப்பட்ட கடிகாரம் பன்னிரண்டில் நின்றுகொண்டு அசைய மறுத்தது. நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, ஒரு பாலிடெக்னிக்கில் லேப் உதவியாளராக இருந்தேன். கூட வந்த குறிப்புத்தாளைப் படித்ததும் காரணம் தெரிந்துவிட்டது. ஜெர்மனியில் ஒரு கோபுரத்திலிருந்து நேரத்தை அலையாக அனுப்புகிறார்கள். அது இரண்டாயிரம் கிலோமீட்டர்வரைதான் எட்டும். திருவண்ணாமலை அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் தள்ளி இருக்கிறது. எட்டினாலும் ஜெர்மனி நேரத்தைத்தான் காட்டும்.

அப்பா இதை ஏற்கவில்லை. ஜெர்மனி எந்தப் பக்கம் என்று கேட்டார். வடமேற்கு என்றேன். எழுந்து ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தார். "அதான். மலை குறுக்க நிக்குது."

கலெக்டர் ஆபீசில் அப்பா ஆவணப் பிரிவில் எழுத்தர். அங்கிருந்து வடமேற்கே பார்த்தால் மலை மறைக்காது. எனவே கடிகாரம் துணிப்பையில் ஏறி வேங்கிக்காலுக்குப் போய், ஒரு நாள் முழுக்க ஆவணப் பிரிவு ஜன்னலில் மாட்டியிருந்தது. அலையை இரும்பு பீரோ இழுத்துக்கொள்கிறது என்று ஒருவர் கருத்துச் சொன்னாராம். இன்னொருவர், "விட்டுடுங்க சார். இங்க பன்னெண்டுலியே நின்னா யாரும் கண்டுக்க மாட்டாங்க, நல்லாத்தான் இருக்கு," என்றாராம். நான் அப்பாவைத் தடுக்கவில்லை. காரணங்களின் பட்டியலில் ஒன்றை அடிக்க வேண்டுமென்றால் யாராவது அதைச் செய்து பார்த்தாக வேண்டும். சாயங்காலம் அதே பையில் அதே பன்னிரண்டு மணியோடு திரும்பி வந்தார்.

என் யோசனை எளிமையானது. அலை இங்கே வராது. நாமே அனுப்பிவிட்டால்?

கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து தேடி, அந்த அலையின் விவரத்தை அச்செடுத்து வந்தேன். அது ஒரு நொடிக்கு ஒரு முறை கொஞ்சம் தணியும். பத்தில் ஒரு பங்கு நொடி தணிந்தால் பூஜ்யம், இரண்டு பங்கு தணிந்தால் ஒன்று. ஒரு நிமிடத்தில் இப்படி வரும் பூஜ்யங்களும் ஒன்றுகளும் சேர்ந்து மணி, நிமிடம், தேதி. கடைசி நொடியில் மட்டும் தணியாது. அதை வைத்துப் புது நிமிடம் தொடங்குகிறது என்று கடிகாரம் தெரிந்துகொள்ளும். அவ்வளவுதான். யார் அனுப்புகிறார்கள் என்று அது கேட்பதில்லை.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு சிப் வாங்கினேன். பழுதான டிரான்சிஸ்டருக்குள் இருந்த கறுப்புக் கம்பியை எடுத்து அதில் செப்புக் கம்பி சுற்றினேன். எல்லாம் ஒரு உள்ளங்கை அகலப் பலகையில் அடங்கியது. அதன் அலை ஒரு சாண் தூரம்தான் போகும். பக்கத்து வீட்டுக் கடிகாரத்தைக்கூடத் தொந்தரவு செய்யாது. மணி, நிமிடம் வைக்கப் பொத்தான்கள். நொடி பூஜ்யத்துக்கு வரும்போது கடைசிப் பொத்தானை அழுத்தினால் அனுப்பத் தொடங்கிவிடும்.

முதல் மூன்று ஞாயிறுகள் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கடிகாரத்துக்கு எழுபத்தேழரை கிலோஹெர்ட்ஸ் என்றால் எழுபத்தேழரைதான். கொஞ்சம் பிசகினாலும் காதில் வாங்காது. லேபில் சரியாக வைத்து எடுத்து வந்தால் வீட்டு வெயிலில் அளவு நகர்ந்துவிடும். கடைசியில் வீட்டிலேயே உட்கார்ந்து, சின்னத் திருப்புளியால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். அம்மா கால் மணிக்கு ஒரு முறை சமையலறையிலிருந்து "ஓடுதா?" என்பாள். நான் "இல்ல" என்பேன். பிறகு இட்லிப் பாத்திரம் கொஞ்சம் அதிகமாகச் சத்தம் போடும்.

நவம்பர் கடைசி ஞாயிறு, காலைப் பலகாரத்துக்குப் பிறகு, முட்கள் அசைந்தன. முதலில் ஒரு சின்ன உதறல். அப்புறம் பெரிய முள்ளும் சின்ன முள்ளும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடி, ஒன்பது மணி நாற்பத்து நான்கு நிமிடத்தில் வந்து நின்று, சாதாரணமாக நடக்கத் தொடங்கின. அம்மா மாவுக் கையோடு வந்து பார்த்தாள். அப்பா எழுந்து நின்றே பார்த்தார், தேசிய கீதம் போட்டதுபோல.

"ஜெர்மனியிலிருந்து வந்துடுச்சா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. இந்தப் பலகையிலிருந்து."

"அப்ப நீ சொல்ற நேரம்தான் அதுக்கு நேரமா? பத்து நிமிஷம் கூட்டிச் சொல்லிடேன்."

முடியாது என்றேன். இந்தக் கடிகாரம் எதற்காக வந்திருக்கிறது என்பதை நினைவுபடுத்தினேன். அம்மா பழைய கடிகாரத்தைக் கழற்றிச் சமையலறையில் மாட்டிக்கொண்டாள். அது அங்கேயும் பத்து நிமிடம் முன்னால் ஓடியது.

மாடியம்மா டிசம்பர் இரண்டாம் வாரம் காலையில் வந்து சேர்ந்தார். அம்மா ஹாலில் கடிகாரத்துக்குக் கீழேயே நாற்காலி போட்டிருந்தாள், தண்ணீரும் அங்கேயே வைத்திருந்தாள், அவர் எப்படியும் நிமிர்ந்து பார்த்தாக வேண்டும் என்று. பார்த்தார். ஓடுகிறதா என்று ஆச்சரியப்பட்டார். இந்தியாவில் வேலை செய்யாது என்று அனுப்பிய பிறகுதான் யாரோ சொன்னார்களாம். நான் பலகையைக் காட்டினேன். கணக்கு டீச்சர் இல்லையா, பூஜ்யம் ஒன்று விஷயத்தைப் பாதியிலேயே பிடித்துவிட்டார். பிறகு தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, சுவரைப் பார்த்து, திருகி, மறுபடி கட்டிக்கொண்டார். அம்மாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மாடி ஏறினார். அம்மா அன்று இரண்டு பொரியல் செய்தாள். ஆனால் நாலு மணிக்கு அவர் இறங்கி வரவில்லை. பயணக் களைப்பு என்று அம்மாவே சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் அப்பா ஏழேகால் செய்திக்காக ரேடியோவைப் போட்டார். செய்திக்கு முன் அந்தப் பீப் ஒலிகள் வந்தன. அப்பா சுவரைப் பார்த்துவிட்டு, சந்தோஷமாக, அம்மாவிடம் சொன்னார்: "அஞ்சு நிமிஷம் கூட்டி வெச்சதே போதும். பத்து கொஞ்சம் ஜாஸ்திதான்."

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "எது அஞ்சு நிமிஷம் கூட்டி வெச்சது?"

"இதுதான். ஓட ஆரம்பிச்ச நாள்லேர்ந்தே அஞ்சு நிமிஷம் முன்னாலதான் ஓடுது. நீயும் அம்மாவும் பேசி முடிவு பண்ணியிருக்கீங்கன்னு இருந்தேன்."

அம்மாவைப் பார்த்தேன். "நான் பத்து கேட்டேன்," என்றாள். "நீ மனசு வந்து அஞ்சாவது குடுத்தேன்னு நெனச்சேன்."

என் இடது கையைப் பார்த்தேன். காலேஜ் பஸ்ஸுக்காக என் கைக்கடிகாரத்தை ஐந்து நிமிடம் கூட்டி வைத்திருக்கிறேன், படிக்கிற காலத்திலிருந்தே. கழிப்பது எனக்கே தெரியாமல் நடந்துகொண்டிருந்தது. அலையை நூறு முறை அளந்தேன். நொடி முள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு கவனித்தேன். எந்தக் கடிகாரத்தின் நொடி முள் என்று யோசிக்கவேயில்லை. யாரும் மாற்ற முடியாத கடிகாரத்துக்கு ஐந்து நிமிடத்தைச் சொல்லிக் கொடுத்தது நான். அதை நம்பி ஒருவர் தன் கைக்கடிகாரத்தையும் திருத்திக்கொண்டு மாடிக்குப் போயிருக்கிறார்.

அவர் தூங்கிய பிறகு சுவர்க் கடிகாரத்தைச் சரி செய்துவிடலாம், காலையில் எதையாவது சொல்லிக்கொள்ளலாம் என்றேன். இப்போது எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

"போன தடவையும் சொல்லாமத்தான் விட்டோம்," என்றாள் அம்மா. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். மொழிபெயர்க்க நானும் பின்னால் ஓடினேன்.

மாடியம்மா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அம்மா நேராகப் போய் நின்று, கீழே கையைக் காட்டினாள். ஐந்து விரலை விரித்தாள். "கிளாக். அஞ்சு. ஜாஸ்தி." பிறகு என்னைக் காட்டினாள். "இவதான்."

நான் ஆங்கிலத்தில் முழுக் கதையையும் சொன்னேன், என் கைக்கடிகாரம் உட்பட. அவர் முகம் சிவந்தது. கோபம் என்றுதான் நினைத்தேன். மெதுவாகத் தன் கையை நீட்டி எங்களுக்குக் காட்டினார். அவருடைய கைக்கடிகாரம் ஐந்து நிமிடம் முன்னால் ஓடவில்லை. ஐந்து நிமிடம் பின்னால் ஓடியது.

"நான்," என்றார், சமையலறையில் கற்றுக்கொண்ட தமிழில், "பத்து கம்மி."

அம்மாவுக்கு ஒரு விநாடி ஆயிற்று. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜெர்மனியிலிருந்து வந்த கடிகாரமாகவே இருந்தாலும், எங்கள் ஹால் சுவரில் மாட்டினால் பத்து கழிக்க வேண்டும் என்று கணக்கு டீச்சர் முடிவு செய்திருக்கிறார். தான் அனுப்பிய கடிகாரத்தையே அவர் நம்பவில்லை. அவரும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை சிரித்தார்.

சிரிப்பு அடங்கிய பிறகு போன மார்ச்சைப் பற்றி அவரே பேசினார். டாக்ஸி போனது பெரிதில்லையாம். வீட்டில் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது, தன்னிடம் ஒருவரும் சொல்லவில்லை, மூன்று வருடம் தங்கியும் தான் வெறும் வாடகைக்காரிதான் என்று அன்றைக்குத் தோன்றியதாம். நான் அம்மாவுக்குச் சொன்னேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "இப்படிச் சொல்லு. வேத்து ஆளா இருந்தா சொல்லியிருப்போம். வீட்டு ஆளுங்களுக்கு யாரும் சொல்றதில்ல. உங்க அப்பா பேட்டரி மாத்தினப்போ எங்கிட்டயும்தான் சொல்லல."

அதை எப்படி ஆங்கிலத்தில் வைப்பது என்று தெரியாமல், அப்படியே சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். அம்மாவின் பக்கத்தில் தரையில் இறங்கி உட்கார்ந்தார். ஆனால் இனிமேல் சொல்லிவிடுங்கள், வீட்டு ஆளாக இருந்தாலும், என்றார். அம்மா சரியென்றாள்.

கீழேயிருந்து அப்பா ரேடியோவை எடுத்து வந்தார். ஒரு கையில் சுவர்க் கடிகாரம், அக்குளில் என் பலகை. எட்டு மணி பீப்புக்காக நான்கு பேரும் வராந்தாவில் காத்திருந்தோம். நான் என் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டேன். ஒலி வந்ததும் மாடியம்மா தன்னுடையதைத் திருகினார், நான் பொத்தானை அழுத்தினேன். மூன்று நான்கு நிமிடத்தில் ஜெர்மன் முட்கள் ஓடிப் போய்ச் சரியான இடத்தில் நின்றன. அப்பா திருப்தியாக, "இங்க மலை குறுக்க இல்ல," என்றார். பார்த்தேன், கேலிதானா என்று. தெரியவில்லை.

இறங்கும்போது அம்மா, இரண்டு வாரம்தானா என்று கேட்கச் சொன்னாள். நான் கேட்பதற்குள் மாடியம்மாவுக்கே புரிந்துவிட்டது. "மார்ச்," என்றார்.

அவர் மார்ச் வரை இருந்தார். அடுத்தடுத்த வருடங்களிலும் அதே அறைக்குத்தான் வந்தார். ஜெர்மன் கடிகாரம் ஹாலில் சரியான நேரம் காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேடியோ செய்தியை வைத்து அதற்கு நேரம் அனுப்புகிறேன். சமையலறைக் கடிகாரம் இன்னமும் பத்து நிமிடம் முன்னால் ஓடுகிறது. அதன் கீழே "பத்து ஜாஸ்தி" என்று தமிழிலும் ஜெர்மனிலும் எழுதி ஒட்டியிருக்கிறோம்.